நடமாடும் மருத்துவ வண்டி: நன்கொடைப் பணம் எங்கெல்லாம் வீணாகிறது?

நன்கொடை கைக்கு வந்ததும் பல அமைப்புகள் முதலில் வாங்குவது வண்டி. படம் எடுக்க நன்றாயிருக்கும், கொடுத்தவர் பெயரையும் பக்கவாட்டில் எழுதலாம். டீசலுக்கும் டயருக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும் மாத்திரைக்கும் கொடுக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இரண்டாம் ஆண்டில் வண்டி கொட்டகையில் முடங்குவது இதனால்தான். வண்டிக்குக் கையெழுத்துப் போடும்போதே மூன்றாண்டு ஓட்டச் செலவையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முடியாவிட்டால் வாடகை வண்டியும் ஊர்ப் பள்ளிக்கூட அறையும் போதும்.

அடுத்த தவறு, தேதியைத் தள்ளிப்போடுவது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 30 நாள் மாத்திரை கொடுத்துவிட்டு 45ஆம் நாள் போனால், நோயாளி இரண்டு வாரம் மருந்தே இல்லாமல் இருந்திருப்பார். சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட கிழமையில் போவதென்றால் 35 நாள் மாத்திரை கொடுங்கள். மழையில் பாதை அடைபட்டாலும் அந்த ஒரு வாரம் தாங்கும்.

பிரஷர் பார்ப்பதிலேயே பாதி முகாம்கள் கோட்டை விடுகின்றன. வெயிலில் வரிசையில் நின்றவரை உட்காரவைத்த கையோடு, சட்டைக்கை மேலேயே பட்டையைச் சுற்றினால் வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு கூடுதலாகவே காட்டும், ஆகவே இரண்டு அளவுப் பட்டைகள் வேண்டும். ஒரே நாளில் 150/95 வந்தது என்பதற்காக ஆயுள் முழுக்க மாத்திரை எழுதாதீர்கள். வேறொரு நாளிலும் பாருங்கள். 180/120ஐத் தொட்டால் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எங்கே, எந்த வண்டியில், யார் செலவில் என்பது முகாமுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இலவச மருந்து வந்தால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்பது நன்கொடை மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பொது விதி. அறுத்த மாத்திரை அட்டைகள், புரியாத மொழியில் லேபிள் ஒட்டிய புட்டிகள் வேண்டவே வேண்டாம். கொடுப்பவர் மனம் நோகுமே என்று வாங்கி அடுக்கினால், பிறகு அவற்றை அழிக்கும் செலவும் உங்கள் தலையில்தான்.

தடுப்பூசியில் ‘எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது’ என்ற நினைப்புதான் ஆபத்து. வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகப் பெட்டியில் வைத்தால் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஹெபடைட்டிஸ் பி போன்ற தடுப்பூசிகள் உறைந்து வீரியம் இழக்கும். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரை பொறுங்கள். குப்பியிலுள்ள நிறம் மாறும் குறி வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. கரைத்த தட்டம்மைத் தடுப்பூசியில் மிச்சம் இருந்தால் 6 மணி நேரத்திலோ முகாம் முடியும்போதோ, எது முந்துகிறதோ அப்போது, மேற்கொண்டு யாருக்கும் போடாமல் ஒதுக்கிவிட வேண்டும். இன்சுலினும் ஐஸில் உரசக் கூடாது.

வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை மட்டும் நீட்டி அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது. துத்தநாக மாத்திரையும் கூடவே தர வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10, போக்கு நின்றாலும் 10 முதல் 14 நாள். ஒரு லிட்டர் பொட்டலமென்றால், தாயின் வீட்டுப் பாத்திரத்தையே கொண்டுவரச் சொல்லி ஒரு லிட்டர் எதுவரை என்று கோடு போட்டுக் காட்டுங்கள். பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக் கலக்கினால் உப்பளவு தவறும்.

போட்டு முடித்த ஊசிகளைப் போடும் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடி, வண்டியிலேயே திரும்பக் கொண்டுபோங்கள். ஊர்க் குப்பையில் ஒரு ஊசிகூட விழக் கூடாது.

கடைசியாக அறிக்கை. ‘இத்தனை பேரைப் பார்த்தோம்’ என்ற எண்ணைத்தான் நன்கொடையாளர் கேட்பார். அதைத் துரத்தினால் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட மிஞ்சாது. பதிவான பிரஷர் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இப்போது 140/90க்குக் கீழே இருக்கிறது, எத்தனை பேர் அடுத்த முகாமுக்கு வரவில்லை என்ற இரண்டு எண்களையும் முதல் அறிக்கையிலிருந்தே சேர்த்து அனுப்புங்கள்.