கன்னியாகுமரிக்கு வருகிறீர்களா? படகைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள், ஆட்டோவில் ஏறுமுன் வாடகையைப் பேசிவிடுங்கள். இதையெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள், நான் வேறு எழுத வேண்டியதில்லை. நாகர்கோவிலில் வேன் வைத்து வெளியூர்க் குடும்பங்களுக்குக் குமரி மாவட்டத்தைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. ஒவ்வொரு சீசனிலும் ஆட்கள் மாறுகிறார்கள், தவறு மட்டும் மாறுவதே இல்லை. போன வருஷம் வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அதே இடத்தில் இந்த வருஷம் வருபவரும் வந்து நிற்கிறார். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

படகைக் கடைசி நாள் மதியத்துக்கு ஒதுக்குவது

வாட்ஸ்அப்பில் வரும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. கடைசி நாள் காலையில் சூரிய உதயம், அப்புறம் அம்மன் கோவில், சுசீந்திரம், மதியம் பத்மநாபபுரம் அரண்மனை, திரும்பி வந்து 3 மணிக்குப் படகு, மாலையில் ரயில். தாளில் பார்த்தால் கச்சிதமாகத்தான் இருக்கும்.

விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். வழக்கமான நேரம் காலை 8 முதல் மாலை 4 வரை. 4 மணி என்றதும் 3:45-க்குப் போனால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். கூட்ட நாளில் வரிசை கட்டடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். வரிசையில் நிற்பவர்களையே ஏற்றி முடிக்க நேரம் போதாது என்று தெரிந்தால் டிக்கெட் கவுன்டரை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சீசன் வந்துவிட்டால் ஊரே ஐயப்ப பக்தர்களால் நிறைந்திருக்கும். அப்போது மதியத்துக்கு மேல் படகுத்துறைப் பக்கம் போவதே வீண்.

கூட்டத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், கடலைச் சமாளிக்க முடியாது. ஆனி, ஆடியில் காற்று பிடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கும், ஏறும். நீர் தாழ்ந்தால் படகு பாறையில் தட்டும் ஆபத்து உண்டு. அதனால் 8 மணிப் படகு 10 மணிக்குத்தான் கிளம்பும், சில நாள் அதற்கும் மேலாகும். நம் மக்கள் புனித நீராட வருவதோ தை அமாவாசை, ஆடி அமாவாசை, சித்ரா பௌர்ணமி என்று சரியாக அதே நாட்களில்தான். கூட்டமும் அன்றைக்குத்தான், கடல் முரண்டு பிடிப்பதும் அன்றைக்குத்தான்.

ஒரு தை அமாவாசைக்கு ஈரோட்டுப் பக்கத்திலிருந்து 14 பேர் வந்தார்கள். அதில் ஒரு பாட்டி. பாறை நினைவு மண்டபம் கட்ட 1960-களில் நாடு முழுக்க ஆளுக்கு ஒரு ரூபாய் வசூலித்தார்களே, அப்போது பள்ளிக்கூடத்தில் தானும் ஒரு ரூபாய் கொடுத்ததாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். 1970-ல் மண்டபம் திறந்ததிலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தவர், இப்போதுதான் வாய்த்திருக்கிறது. காலையிலேயே படகுக்குப் போய்விடுவோம் என்று நான் சொன்னேன். "மொதல்ல அரண்மனைங்க, படகு எங்க போயிரப்போகுது" என்றார் பாட்டியின் மகன். அரண்மனை, சுசீந்திரம் எல்லாம் முடித்து 3 மணி வாக்கில் படகுத்துறைக்கு வந்தோம். காலையில் தாமதமாகத் தொடங்கியதால் வரிசை அப்படியே தேங்கிக் கிடந்தது. பாட்டி கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் ஸ்டூலை நாலடிக்கு ஒருதரம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டே வந்தார். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கவுன்டர் இருக்கும்போது ஷட்டரை இறக்கிவிட்டார்கள். மகன் என்னிடம் திரும்பி, "ஏனுங்க, கடலை நாலு மணிக்கே பூட்டிப்புடுவாங்களா?" என்று கேட்டார். மாலையில் ரயில். 14 டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மறுநாள் வரைக்கும் தங்க யாருக்கும் மனசில்லை. பாட்டியின் ஸ்டூலை மடக்கி வேனில் வைத்தேன்.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் வருவது எதனால் தெரியுமா? அடுத்த வருஷம் அந்த மகனுடைய மைத்துனர் தன் குடும்பத்தோடு வருவதாகத் திட்டம் அனுப்பினார். கடைசி நாள், மதியம் 3 மணி, படகு.

சரி, எப்படி வைக்க வேண்டும்? முந்தின நாள் சாயங்காலமே ஊருக்கு வந்து தங்கிவிடுங்கள். வந்து சேர்ந்த மறுநாள் காலையில் உதயம் பார்த்த கையோடு, குளிப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொண்டு, ஒரு டீயோடு 7 மணிக்கே வரிசைக்குப் போங்கள். முதல் சில நடைகளில் ஏறிவிட்டால் 11 மணிக்குள் கரைக்குத் திரும்பிவிடலாம். பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கல்தரையில் பெரியவர்களும் பிள்ளைகளும் துள்ளித் துள்ளி ஓடுவதைப் பார்த்தால் காலை நேரத்தின் அருமை புரியும். அன்றைக்குக் கடல் ஒத்துழைக்காவிட்டால் மறுநாள் காலை கையில் இருக்கிறது. அரண்மனையும் கோவிலும் திறந்திருக்கும் நேரம் பார்த்து மாற்றி வைத்துக்கொள்ளக் கூடியவை. அவசரம் என்றால் கூடுதல் கட்டணத்தில் சிறப்பு வரிசை உண்டு, கவுன்டரிலேயே வாங்கலாம். வெளியே நின்று "சீக்கிரம் அனுப்புகிறேன்" என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

பழைய தகவலை நம்பி வள்ளுவரை விட்டுவிடுவது

முன்பெல்லாம் வள்ளுவர் சிலைக்குத் தனியாகப் படகு போனால்தான் உண்டு. சிலைப் பாறையைச் சுற்றி ஆழம் குறைவு என்பதால் நீர்மட்டம் தாழ்ந்த நாளில் விவேகானந்தர் பாறையோடு திருப்பிவிடுவார்கள். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, "சிலைக்குப் போக முடியாதாமே" என்று இப்போதும் சொல்கிறார்கள். 2024 டிசம்பர் 30-ம் தேதி இரண்டு பாறைகளுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தாகிவிட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே சிலைக்குப் போகலாம்.

பாலத்தில் போட்டோ எடுத்துவிட்டுச் சிலையடிக்குப் போகாமலே திரும்புகிறவர்கள் ஏராளம். அது அநியாயம். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், மற்ற இரண்டு பால்களின் 95 அதிகாரங்களுக்கு 95 அடிச் சிலை, மொத்தம் 133. கணபதி ஸ்தபதி கணக்குப் போட்டுச் செதுக்கியதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்காமல் போனால் எப்படி? உள்ளே படியேறினால் வள்ளுவரின் பாதம் வரை போகலாம். பாட்டி தாத்தாக்களுக்கு அந்தப் படிகள் சிரமம், அவர்களைக் கீழே மண்டபத்தில் உட்கார வைத்துவிடுங்கள்.

"விவேகானந்தா" என்று மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏறுவது

ஊருக்குள் விவேகானந்தபுரத்தில் இருக்கும் விவேகானந்த கேந்திரம் என்ற அமைப்பின் வாசலில் டிரைவர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பாறைக்குப் போக "படகுத்துறை" என்று சொல்லுங்கள்.

எங்கே நின்றாலும் அஸ்தமனம் தெரியும் என்று நினைப்பது

ஒரே இடத்தில் உதயமும் அஸ்தமனமும் என்று பாடப்புத்தகக் காலத்திலிருந்து படித்திருப்போம். வருஷம் முழுக்க அது பலிக்காது. ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து இறங்குவதால் முக்கடல் சங்கமத்தில் நின்றே கடலுக்குள் விழுவதைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் வடக்கே நகர்ந்து நிலத்துக்குப் பின்னால் போய்விடும். மே மாத விடுமுறையில் காந்தி மண்டபத்துப் பக்கம் ஆயிரம் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதும், சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்ததும் முகம் தொங்கிப்போவதும் வாடிக்கை. அந்த மாதங்களில் கோவளம் சாலையில் சன்செட் பாயின்டுக்குப் போங்கள், பக்கம்தான்.

உதய நேரமும் மாறும். மே கடைசியில் 6 மணிக்கே உதித்துவிடும், ஜனவரி கடைசியில் 6:40 ஆகும். லாட்ஜில் 5 மணிக்கே பெல் அடித்து எழுப்பிவிடுவார்கள். ஜனவரியில் அதற்குக் கிளம்பிப் போனால் இருட்டில் பனியில் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருப்பீர்கள்.

வானம் தெளிவாக இருக்கிறது என்று கடலில் இறங்குவது

இது விளையாட்டுக் காரியம் இல்லை. எங்கள் கரையில் கள்ளக்கடல் என்று சொல்வோம். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ புயல் அடித்திருக்கும், அந்த அலை சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும். திடீரென்று தண்ணீர் ஏறிவந்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த இளைஞர்கள் 5 பேர் அப்படித்தான் இறந்தார்கள். கடற்கரைக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை கொடுத்திருந்த நேரம் அது.

ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடும், செய்திகளில் வந்துவிடும். கிளம்புமுன் ஒரு தரம் பாருங்கள். அதைவிட எளிதான வழி, கரையில் வலை பழுது பார்க்கிற ஆளிடம் கேட்பது. "இன்னைக்கு எறங்காதிய" என்று அவர் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் என்று எந்தக் கரையானாலும் பாறை மேல் ஏறி நின்று செல்பி எடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். என் வேனில் வருகிறவர்கள் எச்சரிக்கை நாளில் லெமூருக்குப் போகச் சொன்னால் வண்டியை எடுக்க மாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

திங்கட்கிழமை பத்மநாபபுரம்

அரண்மனைக்கு அன்று விடுமுறை. குமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் இருப்பது. சனி, ஞாயிறோடு திங்களையும் சேர்த்து லீவு போட்டு வருகிறவர்கள் அரண்மனையைத்தான் திங்களுக்குத் தள்ளுகிறார்கள். பூட்டிய கதவின் முன்னால் நின்று ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். மற்ற நாட்களிலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிக்கெட் கொடுப்பதில்லை.

கோவளம் என்று தேடி ரூம் போடுவது

சென்னைக்கு ஒன்று, திருவனந்தபுரத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. மூன்று கோவளம் இருக்கிறது. முன்பணம் கட்டுமுன் மாவட்டத்தைப் பாருங்கள்.

கோவில் எப்போதும் திறந்திருக்கும் என்று போவது

பகவதி அம்மன் கோவிலும் சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலும் மதியம் நடை சாத்திவிடுவார்கள். திரும்ப மாலை 4 மணிக்கு மேல்தான். இரண்டிலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வாசலில் நின்று இதற்காக வாக்குவாதம் செய்கிற அன்பர்களே, பின்னால் வரிசை நிற்கிறது.

கடற்கரை ரோட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிடுவது

வட இந்தியத் தாலியைச் சாப்பிடுவதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? நாகர்கோவில் பக்கம் வாருங்கள். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்து, கூடவே மீன்கறி. நெத்திலி புளிமுளம் கிடைத்தால் விடாதீர்கள். மண்சட்டியில் தேங்காய், புளி, மிளகாய் எல்லாம் வற்றி நெத்திலியோடு ஒட்டிக்கிடக்க வேண்டும், குழம்பாக ஓடினால் அது புளிமுளம் இல்லை. மதியம் 2 மணிக்கு மேல் போனால் நல்ல மீன் தீர்ந்திருக்கும். ஊருக்கு வாங்கிப் போக மட்டி வாழைப்பழம், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ். மட்டியைப் பழுத்த தாராக வாங்காதீர்கள், வீடு போய்ச் சேருமுன் உதிர்ந்துவிடும்.

ஸ்டேஷன் பெயரைச் சரியாகப் பார்க்காதது

ரயிலில் வருகிறவர்களுக்கு மூன்று பெயர்: நாகர்கோவில் டவுன், நாகர்கோவில் ஜங்ஷன், கன்னியாகுமரி. கன்னியாகுமரி என்பது கடைசி ஸ்டேஷன், இறங்கினால் கடற்கரை நடக்கிற தூரம். சென்னையிலிருந்து வரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் அங்கேதான் முடியும். வந்தே பாரத்தில் வந்தால் நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கி இன்னும் 20 கிலோமீட்டர் போக வேண்டும். கேரளம் போகும் சில வண்டிகள் ஜங்ஷனுக்கு வராமல் டவுனில் நின்றுவிட்டுப் போய்விடும்.

வண்டி சொல்லும்போது "நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு வந்துருங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். டிரைவர் கோட்டாறு பக்கத்து ஜங்ஷனில் காத்திருப்பார், நீங்கள் டவுனில் பெட்டிகளோடு நிற்பீர்கள். ஸ்டேஷன் பெயரை டிக்கெட்டில் பார்த்து அப்படியே அனுப்புங்கள், டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.