வேதாகமத்தை ஒரே கதையாக வாசிப்பது எப்படி?

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருப்பது நம் சபைகளில் பலருக்கும் பழகிய வழக்கம். அவ்வட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தேவன் தம் மக்களைக் குறித்து நினைத்திருப்பவை தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று அது சொல்கிறது. அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தால், அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து சென்ற கடிதம் என்பது தெரியும். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், 70 ஆண்டுகள் நிறைவேறிய பின்பே திரும்புதல் உண்டு என்கிறது அக்கடிதம். அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. இதை அறிந்தபின் அந்த வசனம் சிறுத்துப்போவதில்லை. தன் ஆயுளுக்குள் பலனைக் காணாதவனும் பற்றிக்கொள்ளத்தக்க நம்பிக்கையாக அது விரிகிறது. வசனத்துக்கு அந்த விரிவைத் தருவது கதை. அக்கதையைத் தொடர்ச்சியாக வாசிக்கும் வழி ஒன்றைக் கீழே விளக்குகிறேன்.

புராட்டஸ்டன்ட் பதிப்பில் 66 நூல்களும் 1,189 அதிகாரங்களும் உள்ளன. இந்நூல்கள் எபிரெயு, அரமேயம், கிரேக்கம் ஆகிய மொழிகளில் பல நூற்றாண்டுகளாக எழுதப்பட்டவை; பெரும்பாலும் கால வரிசையில் அல்லாமல் வகை வரிசையில் அடுக்கப்பட்டவை. இங்கே நூல்களின் பெயர்களைப் பழைய மொழிபெயர்ப்பின்படி தருகிறேன். 73 நூல்கள் கொண்ட கத்தோலிக்கத் திருவிவிலியத்தை வாசிப்பவர்கள் ஆதியாகமத்தைத் தொடக்கநூல் என்றும், யாத்திராகமத்தை விடுதலைப் பயணம் என்றும் கொள்ளவேண்டும்.

முதல் நாளில் ஆதியாகமம் 1 முதல் 3 வரையுள்ள அதிகாரங்களை வாசித்துவிட்டு, அதே அமர்வில் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களையும் வாசியுங்கள். கதையின் முடிவை முன்கூட்டியே அறிவது சுவையைக் கெடுக்கும் என்று தோன்றலாம். இந்த நூலுக்கு அது பொருந்தாது. இரண்டு இடங்களிலும் பொதுவாக வருவனவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டிலும் ஆறு இருக்கிறது, ஜீவ விருட்சம் இருக்கிறது, தேவன் மனிதரின் நடுவே இருக்கிறார். முன்னதில் சாபம் நுழைகிறது. பின்னதில் சாபம் இல்லை. தோட்டத்தின் கிழக்கே கேருபீன்கள் என்னும் காவல் தூதர்கள் நிறுத்தப்பட்டு அடைக்கப்பட்ட வழி எவ்வாறு திறந்தது என்பதே நீங்கள் நூல் முழுவதிலும் கேட்கப்போகும் கேள்வி. அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

உடன்படிக்கைகளைப் பற்றிக்கொண்டு வாசிப்போரும் உண்டு. தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிக்கொண்டு வாசிப்போரும் உண்டு. இரண்டும் நல்ல வழிகளே. ஆயினும், முதல்முறை முழுக்கதையையும் பின்தொடர விரும்புகிறவருக்கு நான் பரிந்துரைப்பது, தேவன் மனிதரோடு வாசம்பண்ணுதல் என்னும் இழையைத்தான். ‘வாசம்பண்ணுதல்’ என்ற சொல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் 25:8-லும் யோவான் 1:14-லும் வருவதால், தமிழ் வாசகருக்கு இந்த இழை கண்ணுக்கு எளிதில் புலப்படும்.

அடுத்ததாக, ஒரு நீளமான தாளில் கோடு ஒன்றை வரைந்து சில ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தாவீதின் காலம் ஏறத்தாழ கி.மு. 1000, வடக்கு ராஜ்யத்தின் தலைநகரான சமாரியா விழுந்தது கி.மு. 722, எருசலேமும் ஆலயமும் அழிந்தது கி.மு. 586, பெர்சிய அரசன் கோரேசு யூதர்களைத் திரும்பிப்போக விட்டது கி.மு. 538, இரண்டாம் ஆலயம் கட்டி முடிந்தது கி.மு. 515, அது ரோமரால் அழிக்கப்பட்டது கி.பி. 70. தீர்க்கதரிசிகளின் நூல்களைத் தொடங்கும்போதெல்லாம் அவர்களை இந்தக் கோட்டின்மேல் பொருத்துங்கள். ஓசியா சமாரியாவின் வீழ்ச்சிக்கு முன்பும், எரேமியா எருசலேமின் வீழ்ச்சியை ஒட்டியும், ஆகாய் இரண்டாம் ஆலயப் பணி நின்றுகிடந்த நாட்களிலும் பேசியவர்கள். இது தெரியாமல் வாசித்தால் தீர்க்கதரிசனங்கள் யாவும் ஒரே குரலாகவே கேட்கும்.

ஜனவரியில் ஆதியாகமத்தைத் தொடங்குகிறவர்களில் பலர் யாத்திராகமத்தின் பிற்பகுதியிலோ லேவியராகமத்திலோ நின்றுவிடுகிறார்கள். அங்கே விரைந்து கடக்காமல் நிதானிக்கவேண்டும் என்பதே என் கருத்து. யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களில் 13 அதிகாரங்கள், தேவன் தம் மக்கள் நடுவே வாசம்பண்ணும்படி அமைக்கப்பட்ட ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றியவை. 25 முதல் 31 வரை கட்டளைகள் வருகின்றன. 35 முதல் 40 வரை ஏறக்குறைய அதே விவரங்கள் மீண்டும் வருகின்றன. கூறியது கூறலாகத் தோன்றும் இதன் காரணம் நடுவிலுள்ள மூன்று அதிகாரங்களில் இருக்கிறது. மக்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்குகிறார்கள். நான் உங்கள் நடுவே வரமாட்டேன் என்று தேவன் சொல்லிவிடுகிறார். உம்முடைய சமுகம் எங்களோடு வராவிட்டால் எங்களை இங்கிருந்து கொண்டுபோகவேண்டாம் என்று மோசே மன்றாடுகிறார். அந்த மன்றாட்டு கேட்கப்பட்ட பின்பே கூடாரம் எழுகிறது. ஆகவே, 35 முதல் 40 வரை வரும் ஒவ்வொரு பலகையும் பாதமும் கொக்கியும், ஏறத்தாழ இழந்துவிட்ட ஒன்று திரும்பக் கிடைத்ததன் சாட்சியாக நிற்கின்றன. திரைச்சீலையில் கேருபீன்கள் நெய்யப்பட்டிருப்பதையும், பிராகாரத்தின் வாசல் கிழக்கே இருப்பதையும் கவனியுங்கள். ஏதேனின் அடைபட்ட வழி உங்களுக்கு நினைவுக்கு வரும்.

இனி மூன்று வசனங்களை அடுத்தடுத்து வாசியுங்கள். தேவனுடைய பிரசன்னத்தைக் காட்டும் மகிமை கூடாரத்தை நிரப்பியதால் மோசே உள்ளே நுழைய முடியவில்லை என்கிறது யாத்திராகமம் 40:35. கர்த்தர் கூடாரத்திலிருந்து மோசேயைக் கூப்பிட்டுப் பேசினார் என்று லேவியராகமம் தொடங்குகிறது. சீனாய் வனாந்தரத்தில் கூடாரத்தில் அவரோடு பேசினார் என்று எண்ணாகமம் தொடங்குகிறது. வெளியே நின்றவர் உள்ளே பேசக்கேட்கும் நிலைக்கு வந்தது எப்படி என்பதற்கு இடையிலுள்ள லேவியராகமமே விடை. இந்தக் கேள்வியோடு வாசிப்பவருக்குப் பலிகளும் சுத்திகரிப்பு விதிகளும் வறண்ட பட்டியலாக இரா. முழுவதையும் வாசிக்க இயலாவிட்டாலும், பாவநிவாரண நாளைப் பற்றிய 16-ஆம் அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள்.

ராஜாக்களின் காலத்தை ஓரளவு வேகமாகவே கடக்கலாம். 2 சாமுவேல் 7-ஐயும், 1 இராஜாக்கள் 8, 12 ஆகிய அதிகாரங்களையும், 2 இராஜாக்கள் 17, 25 ஆகியவற்றையும் தவறவிடாமல் இருந்தால் போதும். சாலொமோனின் ஆலயத்தை மேகம் நிரப்புவதை வாசித்த பின், எசேக்கியேல் 10, 11-க்குச் செல்லுங்கள். அங்கே அந்த மகிமை ஆலயத்தை விட்டுப் படிப்படியாக வெளியேறி, நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலையின்மேல் நிற்கிறது. பழைய ஏற்பாட்டின் மிகத் துயரமான காட்சி இதுவென்றே நான் எண்ணுகிறேன். நேபுகாத்நேச்சாரின் படை பின்னர் இடித்தது, மகிமை நீங்கிப்போயிருந்த கட்டடத்தைத்தான். எஸ்றா 3-இல் புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடும்போது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள். அந்த ஆலயம் முடிந்தபோது மேகம் வந்து நிரப்பியதாக எங்கும் எழுதப்படவில்லை. இந்த மௌனத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சங்கீதங்களைத் தனியொரு பகுதியாக ஒதுக்காமல், கதையின் உரிய இடத்தில் சேர்த்து வாசிக்கலாம். பரிசுத்த ஸ்தலம் எரிந்ததைப் புலம்பும் 74-ஆம் சங்கீதத்தையும், பாபிலோன் ஆறுகளண்டையில் உட்கார்ந்து அழும் 137-ஆம் சங்கீதத்தையும் 2 இராஜாக்கள் 25-க்கு அடுத்த நாளில் வாசியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய ஏற்பாட்டை வாசிக்கும்போது ஒவ்வொரு வசனத்திலும் அவசரமாக இயேசுவைத் தேடவேண்டாம். முதலில் அந்தக் கதை தன் போக்கில் பேசட்டும். யூதர்களுக்கு இது இன்றும் அவர்களுடைய வேதம். அவர்கள் இதனை 24 நூல்களாக எண்ணி, வழக்கமாக நாளாகமத்தைக் கடைசியில் வைக்கிறார்கள். கோரேசின் கட்டளையோடு, எருசலேமுக்குப் போகட்டும் என்ற அழைப்போடு, அவர்களுடைய வரிசை முடிகிறது. கிறிஸ்தவ வரிசை மல்கியாவோடு முடிந்து மத்தேயுவுக்கு வழிவிடுகிறது. ஒரே நூல்களை இரு சமூகங்கள் எவ்வாறு வாசிக்கின்றன என்பதை மதிப்போடு அறிந்துகொள்வது நம் வாசிப்பையும் நேர்மையாக்கும்.

மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாற்றைத் தாண்டிச் செல்லாதீர்கள். ஆபிரகாம், தாவீது, பாபிலோன் சிறையிருப்பு, கிறிஸ்து என நான்கு புள்ளிகளுக்கிடையே பதினான்கு பதினான்கு தலைமுறைகளாக அவர் அடுக்குவது, நீங்கள் தாளில் வரைந்த அதே கோட்டைத்தான். பின்பு யோவான் 1:14-க்கு வாருங்கள். அங்கே ‘வாசம்பண்ணினார்’ என்பதற்கு மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் கூடாரமிட்டார் என்னும் பொருளுடையது. அதே வசனம் மகிமையைக் கண்டோம் என்றும் தொடர்கிறது. எஸ்றாவிடத்தில் நீங்கள் குறித்துவைத்த மௌனத்துக்கு யோவான் தரும் பதில் இதுவே. யோவான் 2-இல் இயேசு தம் சரீரத்தையே ஆலயம் என்கிறார்; அவர் மரிக்கும் வேளையில் தேவாலயத் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிகிறது என்று மாற்கு 15:38 கூறுகிறது. அப்போஸ்தலர் 2-இல் அக்கினிமயமான நாவுகள் ஒரு கட்டடத்தின்மேல் இறங்காமல் கூடியிருந்த ஒவ்வொருவர்மேலும் வந்து அமர்கின்றன.

இத்தனையும் வாசித்த பிறகு, முதல் நாளில் வாசித்த வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரங்களுக்கு மீண்டும் வாருங்கள். அன்றைக்கு 1 இராஜாக்கள் 6:20-ஐயும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சாலொமோன் கட்டிய மகா பரிசுத்த ஸ்தலம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 20 முழம். புதிய எருசலேமும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சமம் என்கிறார் யோவான். ஆண்டுக்கு ஒருமுறை பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும் நுழைந்த அறையின் வடிவத்தில் ஒரு நகரமே இறங்கி வருகிறது. அதனால்தான் 21:22-இல், அதிலே தேவாலயத்தை நான் காணவில்லை என்று அவரால் எழுத முடிகிறது.