மருந்தா, நோயா? பக்கவிளைவு அறிக்கையை ஆராயும் முறை

வைத்தியசாலை விடுதிகளிலிருந்து வரும் பக்கவிளைவு அறிக்கைகளில் பாதிக் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். மருந்தின் பெயர் இருக்கும், தொடங்கிய திகதி இராது. ‘தடிப்பு’ என்று எழுதியிருக்கும், உடம்பில் எங்கே, எத்தனையாம் நாளில் என்பது இராது. மருந்தின் உற்பத்தித் தொகுதி இலக்கத்துக்கான இடத்தில் ஒரு கோடு மட்டும் கிடக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் வைத்தியர்கள் இதைக் கையில் எடுத்த உடனேயே, மருந்துதான் காரணமா என்று புள்ளி போடும் அட்டவணையைத் தேடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் தொலைபேசியை எடுங்கள். கேட்காத கேள்விக்கு எந்த அட்டவணையும் பதில் தராது.

நான் கொழும்பில் மருந்துகளினதும் மருத்துவ உபகரணங்களினதும் பாதுகாப்பை மதிப்பிடும் வைத்தியர். அதற்கு முன் விடுதிகளில் நீண்ட காலம் பணியாற்றினேன். அந்த அனுபவம் இல்லாமல் இங்கே வராதீர்கள் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். எம்பிபிஎஸ், உள்ளகப் பயிற்சி, மருத்துவ சபைப் பதிவு எல்லாம் எல்லாருக்கும் பொது. அதற்குமேல் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருந்தியல் படிக்கலாம், அல்லது மருந்து நிறுவனங்களிலோ மருத்துவ ஆய்வு நிறுவனங்களிலோ பாதுகாப்புப் பிரிவில் சேரலாம். சுவீடனில் உள்ள, மருந்துப் பாதுகாப்புக்கான உப்சாலா கண்காணிப்பு நிலையம் இணையவழியில் பாடங்கள் நடத்துகிறது. ஆனால் காய்ச்சலோடு வரும் பத்துப் பேரில் யாருடைய முகம் சரியில்லை என்று பார்த்தவுடன் உணரும் பழக்கம் விடுதியில் மட்டுமே வரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமே அடிப்படை. அது 1980ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை உருவாக்கியது. மருந்து, உபகரணம் இரண்டுமே அதன் கீழ் வருகின்றன. ஒருமுறை முழுவதுமாக வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது

நான்கு விடயங்கள் இருந்தால் அது அறிக்கை: யார் என்று அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி, அறிவித்தவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நடந்த நிகழ்வு. நோயாளியின் பெயர் தேவையில்லை, வயதும் பாலும் போதும். இந்த நான்கும் இருந்தால் மற்றவை வெறுமையாக இருந்தாலும் பதிவு செய்யுங்கள், பிறகு தேடுங்கள். மரணம், உயிராபத்து, வைத்தியசாலை அனுமதி அல்லது அங்கே தங்கும் காலம் நீடித்தல், நிலையான இயலாமை, பிறவிக் குறைபாடு இவற்றில் ஒன்று இருந்தால் அந்த அறிக்கைதான் அன்றைய முதல் வேலை. தாங்க முடியாத தலைவலி, ஆனால் வீட்டிலேயே மாறிவிட்டது என்றால் அது பின்னால் நிற்கலாம். லேசான மயக்கம், ஆனால் ஒரு இரவு விடுதியில் வைத்திருந்தார்கள் என்றால் அது முன்னால் வரும்.

நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கு நாட்காட்டி இன்னும் கடுமையானது. சந்தையில் உள்ள மருந்தால் ஏற்பட்ட, எதிர்பாராத, பாரதூரமான விளைவை 15 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது உலகளவில் பின்பற்றப்படும் நெறி. மருத்துவ ஆய்வில் அப்படியொரு விளைவு மரணத்தில் முடிந்தாலோ உயிராபத்தை உண்டாக்கினாலோ 7 நாட்கள்தான். நிறுவனத்தில் யாராவது ஒருவர் கேள்விப்பட்ட நாளிலிருந்தே அந்தக் கணக்கு தொடங்குகிறது, உங்கள் மேசைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.

காலத்தைக் கேட்பது எப்படி

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஐம்பது வயது கடந்த ஓர் அம்மா. காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், ஈரல் பரிசோதனை முடிவுகள் மோசம். அறிக்கையில் சந்தேக மருந்து என்று அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் எழுதப்பட்டிருந்தது. தடிப்பு வருவதற்கு இரண்டு நாட்கள் முன்னர் பக்கத்து டிஸ்பென்சரியில் கொடுத்தது. பார்த்தவுடன் நம்பத் தோன்றும். அமொக்சிசிலினுக்குத் தடிப்பு வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?

“வேறு மருந்து ஏதாவது குடித்தீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். இவரும் விடுதியில் அப்படித்தான் சொல்லியிருந்தார். நம் ஆட்களுக்கு மருந்து என்றால் இப்போதைய நோய்க்குக் கொடுத்தது மட்டுமே. ஆகவே உடம்பை மேலிருந்து கீழாகக் கேளுங்கள். தலைவலிக்கு ஏதாவது? பல்லுக்கு, முகத்துக்கு? நித்திரைக்கு? வயிற்றுக்கு? மூட்டுக்கு? சித்த வைத்தியரிடம் கஷாயம், எண்ணெய்? வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய விற்றமின்? சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்ன சாறு? கடைசிக் கேள்வியைச் சிறிதாக எண்ண வேண்டாம். கமரங்காய்ச் சாறும் பிலிம்பிச் சாறும் சிறுநீரகத்தைப் பழுதாக்கிய சம்பவங்கள் இந்த நாட்டிலேயே பதிவாகியிருக்கின்றன.

முகத்துக்கு என்றதும் அந்த அம்மா சொன்னார்: “அது மருந்தில்லை டொக்டர், கன்னத்தில் மின்னல் மாதிரி ஒரு வலி. அதற்கு ஒரு குளிசை தந்தார்கள்.” எப்போது தொடங்கினீர்கள் என்றால் திகதி தெரியவில்லை. “கொச்சிக்கடைத் திருநாளுக்கு முன்னா, பின்னா?” என்றேன். உடனே வந்தது பதில்: “திருநாள் முடிந்து மூன்றாம் நாள்.” அந்தோனியார் திருநாள் ஜூன் 13. ஆகவே குளிசை தொடங்கியது ஜூன் 16. காய்ச்சல் ஜூலை 8, அமொக்சிசிலின் ஜூலை 10, தடிப்பு ஜூலை 12.

இந்த நான்கு திகதிகளையும் ஒரு கோட்டில் எழுதிப் பாருங்கள். அமொக்சிசிலின் வருவதற்கு முன்பே காய்ச்சல் தொடங்கிவிட்டது. குளிசை உறையை மகள் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். கார்பமசெபின், வலிப்புக்கும் நரம்புவலிக்கும் கொடுக்கும் மருந்து. தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம், ஈரல் பாதிப்பு, இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்களின் உயர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் ‘ட்ரெஸ்’ என்ற எதிர்விளைவை அது உண்டாக்கும். உயிரையே எடுக்கக்கூடியது. அறிக்கையை வந்தபடியே மூடியிருந்தால், அமொக்சிசிலின் ஒவ்வாது என்ற குறிப்போடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார், கன்னவலி வந்ததும் அதே குளிசையைத் திரும்பப் போட்டிருப்பார்.

திகதி கேட்கும்போது ஆளுக்கேற்ற நாட்காட்டியைப் பயன்படுத்துங்கள். வெள்ளவத்தையில் ஆடிவேல், கொம்பனித்தெருவில் நோன்பு, தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குச் சம்பள நாள், பிள்ளைகள் உள்ள வீட்டில் பாடசாலை விடுமுறை. தமிழில் கதைக்கக்கூடிய வைத்தியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொழும்பு விடுதிகளில் தமிழ் நோயாளியின் கதை இன்னொரு மொழிக்குள் போய், அங்கிருந்து ஆங்கிலக் குறிப்பாகி, பாதியாகச் சுருங்கித்தான் உங்களிடம் வருகிறது. நேரே பேசுங்கள். பத்து நிமிடம் போதும்.

புள்ளி போடுவது

இப்போது அட்டவணையை எடுக்கலாம். 1981இல் வெளிவந்த நரஞ்சோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். 9 அல்லது அதற்கு மேல் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும், 1 முதல் 4 வரை இருக்கலாம், அதற்குக் கீழே சந்தேகம். அந்த அம்மாவின் கார்பமசெபினுக்குப் போட்டுப் பாருங்கள். முன்னர் அறியப்பட்ட விளைவு 1, மருந்துக்குப் பின் வந்தது 2, நிறுத்தியதும் குறைந்தது 1, பரிசோதனைச் சான்று 1. மொத்தம் 5. மீதியில் முடிவை மாற்றக்கூடியது வேறு காரணம் உண்டா என்ற கேள்வி. டெங்கு, ஈரல் அழற்சி வைரசுகள் எல்லாம் பார்த்து இல்லை என்று தெரிந்தால் 2 கூடி 7. வேறு காரணம் இருக்கிறது என்றால் 1 குறைந்து 4. ஒரே கேள்வியில் ‘பெரும்பாலும்’ என்பது ‘இருக்கலாம்’ ஆகிவிடுகிறது. அதனால்தான் டெங்குப் பரிசோதனை செய்தார்களா, எத்தனையாம் நாளில் செய்தார்கள் என்று கேட்டுத் தொந்தரவு செய்கிறேன். ஜூலை மாதக் கொழும்பில் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

‘உறுதி’ என்ற புள்ளியை எட்டுவதற்காக மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கலாமா என்று ஒருமுறை ஓர் இளம் வைத்தியர் கேட்டார். ட்ரெஸ் போன்ற ஒன்றில் அது ஒருபோதும் கூடாது. நம் கோப்பு முழுமையாவதற்காக யாரும் ஆபத்துக்குள் போக வேண்டியதில்லை. ‘பெரும்பாலும்’ என்பதே நல்ல, நேர்மையான முடிவு. அந்த அம்மாவுக்கு மூன்று மொழியிலும் ஒரு சிறு அட்டை எழுதிக்கொடுக்கச் சொன்னோம். கார்பமசெபின் மட்டுமல்ல, வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடோயினும் பினோபாபிட்டோனும் கூடாது என்று. அந்த மூன்றுக்கும் இரசாயன உறவு இருக்கிறது, ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வரலாம்.

‘தெரிந்த விளைவுதானே’ என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். பாம்புக்கடிக்கு நாம் கொடுக்கும் விஷமுறிவு மருந்தால் ஒவ்வாமை வருவது இலங்கையில் எல்லா வைத்தியர்களுக்கும் தெரியும். தெரிந்ததென்று விட்டுவிடாமல் அதை எண்ணியவர்கள் இருந்ததால்தான், ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு இங்கே நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே கொடுக்கும் குறைந்த அளவு அட்ரினலின் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 சதவீதம் குறைக்கிறது என்று கண்டறிய முடிந்தது.

தொகுதி இலக்கம்

நமது அரசாங்க வைத்தியசாலைகளில் குளிசையை எண்ணிக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். உறையில் பெயரும் வேளையும் இருக்கும், தொகுதி இலக்கம் இராது. அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். மருந்து வழங்கிய திகதியைச் சொல்லி மருந்தாளரிடம் கேட்டால், அன்று எந்தத் தொகுதி பாவனையில் இருந்தது என்பதை இருப்புப் பதிவேட்டிலிருந்து பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஊசி மருந்து என்றால் வெற்றுக் குப்பியைக் குப்பையில் போடவேண்டாம் என்று தாதிக்கு அன்றே சொல்லுங்கள்.

ஒரே விடுதி, ஒரே தொகுதி, ஒரே வாரம், இரண்டு மூன்று நோயாளிகள் என்று வந்தால் நரஞ்சோவை மூடிவையுங்கள். அது மருந்தின் இயல்பான விளைவு அல்ல, தரக் குறைபாடாக இருக்கக்கூடும். 2023இல் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் இட்ட சொட்டு மருந்தால் இந்த நாட்டில் பலருக்குக் கண்ணில் கிருமித்தொற்று ஏற்பட்டதை மறக்க முடியுமா? இப்படியான நேரத்தில் காரணம் நிரூபணமாகும் வரை காத்திருக்கக் கூடாது. முதலில் அந்தத் தொகுதியைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்ல வேண்டும், திறக்காத குப்பிகளை உரிய வெப்பநிலையில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு ஆராயலாம்.

மருந்தின் அரிய விளைவு இதற்கு நேர்மாறு. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் விளைவை ஒருமுறையாவது கண்டுவிட 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் முப்பதாயிரம் பேரைப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலான மருந்துகள் அத்தனை பேரில் சோதிக்கப்பட்டு வருவதில்லை. அதனால்தான் ஒரே ஓர் அறிக்கையும், எல்லா நாடுகளின் பக்கவிளைவு அறிக்கைகளும் சேரும் உலகக் களஞ்சியத்துக்குப் போக வேண்டும். கொழும்பில் ஒன்று, மணிலாவில் ஒன்று, நைரோபியில் ஒன்று சேர்ந்தால் ஒரு சமிக்ஞை தெரியத் தொடங்கும்.

உபகரணங்கள்

மருந்தை மதிப்பிடப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மருந்து உடம்புக்குள் கரைந்துவிடும், உபகரணமோ கையில் இருக்கும். ஆகவே முதல் வேலை அதைக் காப்பாற்றுவது. கழுவ வேண்டாம், பிரிக்க வேண்டாம், பற்றரியைக் கழற்ற வேண்டாம், முகவர் வந்து எடுத்துப்போகவும் விட வேண்டாம். மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், திரையில் தெரிந்த எண் எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஊசிப் பம்பு பத்து மடங்கு மருந்தைச் செலுத்திவிட்டது என்றால், பலவற்றின் நினைவகத்தில் யார் எந்த எண்ணை எப்போது அழுத்தினார் என்பது இருக்கும். தாதி தசமப் புள்ளியைத் தவறவிட்டார் என்று தெரிந்ததும் ‘பாவனையாளர் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடாதீர்கள். இரவு வெளிச்சத்தில் அந்தப் புள்ளி திரையில் தெரிகிறதா? பெரிய அளவு போட்டால் எச்சரிக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தவறு வடிவமைப்பினுடையது.

விரலில் மாட்டும் ஒக்சிஜன் மானியையும் இப்படியே கேள்வி கேளுங்கள். அது சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளைத் தோலுக்குள் செலுத்திக் கணக்கிடுகிறது. தோலின் நிறமி அந்தக் கணக்கில் தலையிடும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வொன்றில், மானி சரியென்று காட்டியபோதும் உண்மையில் ஒக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நம்மவர்களின் தோலுக்கு இது புறக்கணிக்கக்கூடிய செய்தியா? அறிக்கையில் 95 என்று இருந்தால் இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது, விரல் குளிர்ந்திருந்ததா, நகப்பூச்சு இருந்ததா என்று கேளுங்கள்.

பதில் எழுதுவது

முடிவை எழுதியதும் அறிக்கை அனுப்பியவருக்குப் பதில் போக வேண்டும். பல இடங்களில் இது நடப்பதில்லை. இரவுப் பணி முடிந்து, வீட்டுக்குப் போகாமல் இருந்து படிவம் நிரப்பிய தாதிக்கு ஒரு வரியும் வராவிட்டால் அடுத்த தடவை அவர் நிரப்ப மாட்டார். நீண்ட கடிதம் தேவையில்லை. கிடைத்தது, இப்படி முடிவு செய்தோம், இந்த நோயாளிக்கு இந்த மருந்துகள் கூடாது, இன்னும் இந்த விவரம் தேவை. இவ்வளவும் ஒரே வாரத்துக்குள், பெயர் சொல்லி, அவருடைய மொழியில்.