எல்லாரையும் குடியேற்றிவிடாதீர்கள்

டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதைப் பற்றி டெல்லித் தமிழர்கள் வாட்ஸாப்பில் இப்படி எழுதுகிறார்கள்: "370 குடும்பங்கள் நரேலாவில் குடியேறின." (நரேலா டெல்லியின் வடக்கு ஓரத்தில் இருக்கிற பகுதி.) இலக்கணம் சரிதான், விஷயம்தான் தப்பு.

குடியேறுவது தானாகச் செய்வது. அரசாங்க வேலைக்கு வந்த தமிழர்கள் கரோல் பாகில் வீடு பிடித்தார்களே, அது குடியேறியது. 2025 ஜூன் 1 அன்று, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் கேம்ப் இருந்த பாராபுல்லா வாய்க்கால் ஓரத்துக்குப் புல்டோசர் வந்ததே, அது வெளியேற்றியது. தகுதிப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும் நரேலாவில் ஃபிளாட் ஒதுக்கினார்கள், அதிலும் சாவி வாங்கி அடுப்பு மூட்டியவர்களைத்தான் "குடியமர்த்தப்பட்டார்கள்" என்று எழுதலாம், மற்றவர்களுக்கு "ஒதுக்கப்பட்டது" என்பதோடு நிறுத்த வேண்டும். பட்டியலில் இல்லாதவர்கள் வெளியேற்றப்பட்டவர்கள், அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் 370 குடும்பங்களையும் குடியமர்த்திவிட்டால், கூரை பறிபோனவர்களுக்கு நாமே காகிதத்தில் வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து இடம்பெயர். "அரசு மக்களை இடம்பெயர்ந்தது" என்று செய்தித் தளங்களில்கூடப் பார்க்கிறேன். மக்கள் இடம்பெயர்ந்தார்கள், அரசு அவர்களை இடம்பெயர்த்தது. ஒரு 'ந்', 'த்' மாறினால் யார் செய்தது என்பதே மாறிவிடும். சரி, தயக்கமாக இருந்தால் "இடம்பெயரச் செய்தது" என்று எழுதிவிடுங்கள்.

"நரேலாவுக்குக் குடியமர்த்தினார்கள்" என்பதும் இடறும். நரேலாவுக்கு மாற்றுவார்கள், நரேலாவில் குடியமர்த்துவார்கள்.

அகற்று, அப்புறப்படுத்து இரண்டையும் மனிதர்களுக்குப் போடாதீர்கள். ஆக்கிரமிப்பை அகற்றலாம், குப்பையை அப்புறப்படுத்தலாம். "குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன" என்று அதிகாரிகள் அறிக்கையில் எழுதினால் அது அவர்கள் புத்தி, நாம் ஏன் அதை அப்படியே வாங்கி எழுத வேண்டும்?

சேர்த்து எழுத வேண்டியதைப் பிரிப்பது இன்னொரு தொல்லை. "குடி ஏறியவர்கள்" என்று இடம் விட்டு எழுதினால் போதை ஏறியவர்கள் என்றுதான் முதலில் படிக்கத் தோன்றும்.

இலங்கைச் செய்திகளைப் பகிரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே மீள்குடியேற்றம் என்றால் பெரும்பாலும் போரில் இடம்பெயர்ந்தவர்களைத் திரும்ப அவர்கள் சொந்த ஊரிலேயே குடியேற்றுவது. நரேலா விவகாரத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டால், ஈழத்து வாசகர் ஜங்புராவிலேயே மறுபடி வீடு கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். புது இடம் கொடுத்தால் மறுகுடியமர்வு என்பதே குழப்பமில்லாதது.

அப்புறம், குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன, மக்கள் குடியமர்த்தப்பட்டனர். "குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டனர்" என்று எழுதாதீர்கள்.