நெரிசலில் பழைய டீசல் கார் ஓட்டுவது எப்படி: கிளட்சையும் பொறுமையையும் காக்கும் முறைகள்

போரூரிலிருந்து கத்திப்பாரா வரை செல்லும் மவுண்ட் பூந்தமல்லி சாலையில், காலை ஒன்பது மணி நெரிசலில் என் இடது கால் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறது என்று ஒரு நாள் எண்ணத் தொடங்கினேன். நந்தம்பாக்கம் வருவதற்குள் இருநூறைத் தாண்டியதால் எண்ணுவதை விட்டுவிட்டேன். வண்டி 2011இல் வாங்கிய ஸ்விஃப்ட் டீசல். அதன் முதல் கிளட்ச் 58,000 கிலோமீட்டரிலேயே போய்விட்டது. கழற்றிய பிளேட்டை மெக்கானிக் என் கையில் கொடுத்தபோது, அதன் உராய்வுப் பரப்பு ரிவெட் தலைகள் வரை தேய்ந்து, அந்த ரிவெட்டுகள் பொட்டுப் பொட்டாக மின்னிக்கொண்டிருந்தன. பிளேட் அழுந்திப் பிடிக்கும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில், சூட்டில் தீய்ந்த நீலத் திட்டுகள் பரவியிருந்தன. “இது ஓடித் தேஞ்சது இல்ல சார், மிதிச்சே தேச்சது” என்றார் அவர். அதன்பின் மாற்றிய பிளேட் ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்து இன்றும் ஓடுகிறது. சாலையும் நெரிசலும் மாறவில்லை, நான் ஓட்டும் முறைதான் மாறியது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது யாருக்குப் பயன்படும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆகவே ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ போன்ற சிறிய டீசல் வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு அதே வகையில் புது வண்டி கிடைப்பது அரிது. டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவுகளால் ஏற்பட்ட நெருக்கடி தமிழ்நாட்டில் இல்லை. இங்கே 15 ஆண்டுகள் முடிந்ததும் தகுதிச் சான்று (எப்.சி.) காட்டிப் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ள வண்டியை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் அதை நகர நெரிசலில் ஓட்டுவதற்குப் பெட்ரோல் கார் ஓட்டிப் பழகிய கால் போதாது.

டீசல் எஞ்சினின் இயல்பைப் புரிந்துகொள்ளுதல்

மேலே சொன்ன ஐந்து வண்டிகளிலும் (விஸ்டாவின் 1.4 லிட்டர் டீசல் வகை தவிர) இருப்பது பியட் வடிவமைத்த 1,248 சி.சி. எஞ்சின்தான். ஸ்விஃப்டில் அதன் முழு இழுவை 190 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழலும்போது, அதாவது 2,000 ஆர்.பி.எம்.மில். டர்போ சுழன்று காற்றை அழுத்தித் தரும்வரை இந்த எஞ்சின் சோம்பலாகவே இருக்கும். 1,800ஐத் தாண்டியதும் திடீரென்று பாயும். நெரிசலில் நாம் ஓடுவதோ பெரும்பாலும் 800க்கும் 1,500க்கும் இடையில். இந்தச் சோம்பலை மறைக்கப் பலரும் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து, வண்டியை அந்த ஹாஃப் கிளட்சிலேயே ஊர்ந்து நகர்த்துகிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஃப்ளைவீலில் இருந்த நீலத் திட்டுகள் அதன் விளைவு.

உண்மையில் டீசல் எஞ்சினிடம் இதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. காலை எல்லா மிதிகளிலிருந்தும் எடுத்துவிட்டாலும், ஐட்லிங் வேகம் குறையத் தொடங்கியதும் எஞ்சின் தானாகவே டீசலைக் கூட்டித் தன்னைத் தாங்கிக்கொள்ளும். முதல் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மெல்ல முழுவதுமாக விட்டுவிடுங்கள். சமதரையில் வண்டி மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகத்தில், ஆள் வேகமாக நடக்கும் அளவுக்குத் தானே ஊர்ந்து செல்லும். பிளேட் முழுதாகப் பிடித்திருப்பதால் அங்கே உராய்வு இல்லை, தேய்மானமும் இல்லை. இதைப் பழக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத தெருவில் பத்து முறை செய்து பார்த்தால் போதும். முதலில் அணைந்துவிடுமோ என்று பயமாக இருக்கும், ஆனால் கிளட்ச் சரியாக இருந்தால் அணையாது.

இரண்டாவது கியரில் இதே ஊர்தல் வேகம் 11 கிலோமீட்டர் வரை வரும். எனவே பத்துக்குக் கீழே வேகம் இறங்கினால், சோம்பல்படாமல் முதல் கியருக்கு மாறிவிட வேண்டும். வேகத்தடை ஏறி இறங்கும் இடத்திலும், தெருவிலிருந்து பிரதான சாலைக்குத் திரும்பும் இடத்திலும் இரண்டாவது கியரிலேயே இழுக்கப் பார்ப்பவர்கள் அதிகம். அப்போது எஞ்சின் திணறி, வண்டி முழுவதும் அதிரும், பின்னால் கரும்புகை கக்கும், சரியாக எதிரே பேருந்து வரும் நேரத்தில் இழுவை கிடைக்காமல் நடுச் சாலையில் நிற்க நேரும். அந்தத் திணறல் கியர்பாக்ஸையும் எஞ்சின் மவுண்ட்டுகளையும் சேர்த்தே உலுக்குகிறது.

முன்னே விடும் இடைவெளி

ஊர்ந்து செல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்னால் இடம் இருக்க வேண்டும். முன் வண்டி நகர்ந்தவுடன் நாமும் இரண்டு அடி நகர்ந்து, பிரேக் பிடித்து, மீண்டும் இரண்டு அடி நகர்வதுதான் கிளட்சைக் கொல்லும் பழக்கம். முன் வண்டி நகர்ந்து ஒரு காரின் நீளத்துக்கேனும் இடம் உண்டான பிறகு கிளம்பி, அந்த இடத்தை ஊர்ந்தே கடந்தால், பத்து மிதிகளில் முடிந்த வேலை இரண்டு மிதிகளில் முடிகிறது.

இதைச் சொன்னால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “இடம் விட்டா வேற யாராவது புகுந்திடுவாங்க.” புகுவார்கள்தான். பைக் புகும், ஷேர் ஆட்டோ புகும், இன்டிகேட்டர் போடாமல் இன்னொரு காரின் மூக்கு நுழையும். பின்னால் இருப்பவர் நாம் தூங்கிவிட்டதாக நினைத்து ஹார்னை அழுத்தத் தொடங்குவார். எனக்கும் இது மிகுந்த எரிச்சலைத் தந்தது, இன்றும் சில நாட்களில் தருகிறது. ஆனால் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே நுழையும் ஒரு கார் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஐந்து மீட்டர். வழி நெடுகப் பத்துக் கார்கள் நுழைந்தாலும் ஐம்பது மீட்டர்தான். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஐம்பது மீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு விநாடிகள் ஆகும். அந்தப் பன்னிரண்டு விநாடிகளைக் காப்பாற்றத்தான் முட்டிக்கொண்டு நின்று, கிளட்சைத் தேய்த்து, அலுவலகம் போய்ச் சேரும்போது முழங்கால் வலியோடு இறங்கினேன். கணக்குத் தெரிந்த பிறகு, நுழைபவருக்கு வழிவிடுவது அவ்வளவு கடினமாக இல்லை.

பின்னால் அடிக்கப்படும் ஹார்னுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. தேவையின்றி ஹார்ன் அடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஆனாலும் சாலையில் அதை நினைப்பவர் குறைவு. அந்தச் சத்தத்துக்குப் பணிந்து பாய்ந்து கிளம்பக் கூடாது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பேருந்து நிறுத்தத்தை நெருங்கும்போது இடது ஓரத்தில் ஒண்டாமல் இருப்பதும், முன்னே செல்லும் ஷேர் ஆட்டோ எந்த இடத்திலும் நிற்கும் என்று எண்ணியே பின்தொடர்வதும் திடீர் பிரேக்குகளைப் பாதியாகக் குறைத்துவிடும். ஒவ்வொரு திடீர் பிரேக்குக்கும் பின்னால் ஒரு கிளட்ச் மிதி காத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கரும்புகை பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். சிக்னல் பச்சையானதும் பழைய டீசலில் ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தினால், டர்போ காற்றைத் தருவதற்குள் டீசல் அளவுக்கு மீறிப் போய், அரைகுறையாக எரிந்து கரியாக வெளியே வருகிறது. அந்தக் கரி நேராகப் போவது நமக்குப் பின்னால் இருசக்கர வண்டியில், பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு நிற்பவரின் முகத்துக்கு. மற்றவர்களின் பழக்கங்களைக் குறை சொல்லும் உரிமை, நாம் அப்படிப் புகை கக்காதவரைதான் நமக்கு இருக்கிறது. வண்டி உருளத் தொடங்கிய பிறகு, இரண்டு மூன்று விநாடிகளில் மெல்ல மெல்ல மிதியை அழுத்தினால் புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும், இழுவையும் சீராக வரும்.

சிக்னலிலும் மேம்பாலத்திலும்

சிக்னலில் கியரைப் போட்டபடி கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருப்பது, மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தேய்க்கும். பத்து விநாடிக்கு மேல் நிற்க வேண்டும் என்றால் நியூட்ரலுக்கு வந்து, காலை மிதியிலிருந்து முழுவதுமாக எடுத்துத் தரையில் வையுங்கள். ஓடும்போதும் மிதியின் மேல் காலைச் சும்மா வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், அந்தச் சிறு எடைகூடப் பிளேட்டை வழுக்க வைக்கும்.

எண்ணிக்கை காட்டும் சிக்னலில் 90க்கு மேல் இருந்தால் எஞ்சினை அணைக்கலாம், பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நல்ல நிலையில் இருந்தால் மட்டும். சரிவில் நிற்கும்போது அணைக்காதீர்கள். பிரேக்குக்கான வெற்றிடத்தை எஞ்சின் சுழற்றும் பம்ப்தான் தருகிறது. அணைத்த பிறகு இரண்டு மூன்று முறை அழுத்தினால் மிதி கல்லாக இறுகிவிடும்.

கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல் நிற்கும்போது, கிளட்சால் வண்டியைத் தாங்கிப் பிடித்து நிற்கும் கார்களிலிருந்து எரிந்த வாடை வருவதைப் பலரும் முகர்ந்திருப்பீர்கள். அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுத்துவிட்டு, நியூட்ரலில் காத்திருக்க வேண்டும். கிளம்பும்போது முதல் கியர் போட்டு, ஆர்.பி.எம். முள்ளை 1,200 அளவில் வைத்து, கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டியின் மூக்கு சற்றுத் தூக்குவதை உணர்ந்தவுடன் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. பின்னால் நிற்பவர் ஒட்டி நின்றாலும் பதற்றம் வராது. இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சமாகும் என்பது தவறான எண்ணம். கியரில் இறங்கும்போது இந்த எஞ்சின் டீசல் செலுத்துவதையே நிறுத்திவிடும்.

நெரிசல் செய்த கேட்டைச் சரிசெய்தல்

மெதுவாகவே ஓடும் டீசல் எஞ்சினுக்குள் கரி படியும். புகைக் காற்றின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்விலும், காற்று நுழையும் குழாய்களிலும், எண்ணெய் ஆவியோடு கலந்து அது தார் போல ஒட்டிக்கொள்ளும். இழுவை குறைந்து, மைலேஜ் இறங்கி, புகை கூடும். வாரம் ஒரு முறையேனும் திறந்த சாலையில் ஓட்டுவதே இதற்கு எளிய தடுப்பு. நான் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போய்விடுவேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நான்காவது கியரில் முள்ளை 2,500க்கும் 3,000க்கும் இடையில் வைத்து, வேக வரம்புக்குள் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் போதும். திரும்பி வந்ததும் உடனே சாவியைத் திருகாமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்ற டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் கிடைக்க அந்த ஒரு நிமிடம் வேண்டும்.

புகைப் பரிசோதனைக்கும் இப்படி ஓட்டிச் சூடான வண்டியோடு போவது நல்லது. பி.எஸ்.4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி 65 வரையும், பி.எஸ்.4 வண்டிக்கு 50 வரையும் அனுமதி உண்டு. வரம்பை ஒட்டி எண் வந்தால், சான்று கிடைத்துவிட்டதே என்று இருந்துவிடாமல் ஏர் ஃபில்டரையும் ஈ.ஜி.ஆரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நெரிசலில் சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்து, ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. சூடு ஏறுகிறது என்று சொன்னதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறது. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இல்லாத டீசல் எஞ்சின் போதிய சூட்டுக்கே வராமல் கரியும் புகையும் கூடிக்கொண்டே போகும். ஃபேன் சுழல்கிறதா, கூலன்ட் அளவு சரியா, ரேடியேட்டர் இதழ்களில் தூசி அடைத்திருக்கிறதா என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். காலியான சாலையில் நான்காவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். 2,000ஐ நெருங்கி டர்போவின் இழுவை வரும் நேரத்தில் முள்ளும் வேகமும் சேர்ந்து ஏறினால் பிளேட் நன்றாக இருக்கிறது. முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் அதே இடத்தில் நின்றால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள், மாற்றுவதற்கான நேரம் வந்துவிட்டது. அப்போது பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒரு முறையோடு முடியும். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி, ஃப்ளைவீலின் முகத்தையும் நேரில் பாருங்கள். நீலத் திட்டு இருந்தால், அதைக் கடைந்து சமன்படுத்திய பிறகே புதிய பிளேட்டைப் பூட்டச் சொல்லுங்கள்.