மனநலக் குறைபாடும் வேலையும்: எதை ஆராய்வது என்று முடிவு செய்வதில் நேரும் தவறுகள்

வேலையிடத்தில் மனநலம் பற்றி எதை முதலில் ஆராய்வது என்று மருத்துவர்களும் பேராசிரியர்களும் மனிதவள மேலாளர்களும் கூடி முடிவு செய்துவிடுவதுண்டு. மனநோயோடு தினமும் வேலைக்குப் போய் வருகிறவரை யாரும் கேட்பதில்லை. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன.

பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு, எதை ஆராய வேண்டும் என்று நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், மருத்துவப் பணியாளர்கள் என எல்லோரிடமும் கேள்விகளைத் திரட்டி, ஒன்றாக உட்கார்ந்து முக்கியமான முதல் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது. நல்ல முறைதான். ஆனால் வேலையிடத்தில் அதை அப்படியே செய்ய முடியாது. மேலதிகாரி எதிரில் இருக்கும்போது, தனக்கு பைபோலார் (மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் நோய்) இருப்பதை ஊழியர் எப்படிச் சொல்வார்? முதலில் பெயர் வெளியே வராதபடி தனித்தனியாகக் கேட்க வேண்டும். தயாரான பட்டியலுக்குக் கடைசி நாளில் ஒருவரைக் கூப்பிட்டு ஒப்புதல் வாங்குவது பங்கேற்பே அல்ல.

அடுத்தது, மறுபடி மறுபடி எண்ணிக்கை எடுப்பது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் உலகில் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. முதலாளிகளை யோசிக்க வைக்க அது உதவும். சரி, விடுப்பு முடிந்து திரும்பியவர் வேலையில் நிலைத்தாரா, எது அவருக்குக் கைகொடுத்தது? நமக்கு அவசரமாக வேண்டிய பதில் இதுதான்.

சட்டத்தை மறந்துவிடுவதும் பெரிய தவறு. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் குறைபாடாக ஏற்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு வந்தால் அரசு நிறுவனம் அதற்காக ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது. இருந்தும், நோயால் வந்த நடத்தையே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடுகிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், நடவடிக்கைக்கான காரணங்களில் மனநலக் குறைபாடும் ஒன்று என்று காட்டினாலே அது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அப்படியென்றால் ஊழியர் மீதான புகார்களை எழுத்தில் தரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கொடுப்பதற்கு முன் அலுவலகம் என்ன செய்கிறது என்பது பட்டியலின் மேலே வர வேண்டிய கேள்வி.

அப்புறம், ஐடி நிறுவனங்களை மட்டும் ஆராய்ந்துவிட்டு அதையே ‘தொழிலாளர்’ என்று எழுதுவது. கட்டட வேலைக்காரருக்கு மருத்துவ விடுப்பே கிடையாது. அவர் கேள்வியே வேறு.

கால அளவையும் குறுக்கிவிடுகிறார்கள். இந்த நோய்களில் பல தணிந்து திரும்ப வருபவை. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் மாதத்தில் ஆய்வை முடித்துவிட்டால், அடுத்த முறை நோய் வரும்போது அவர் வேலை என்ன ஆனது என்பது பதிவாகாது.