கடைக்குப் போகுமுன் மீட்டரைப் பாருங்கள்

சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடாக நம் வீட்டை மாற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்த அன்று நான் செய்த முதல் வேலை, கடைக்குப் போனதுதான். ஆறு துணிப்பைகள், மூங்கில் பிரஷ், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் என்று வாங்கிக் குவித்தேன். அடுத்த மாத மின்கட்டணம் அப்படியே இருந்தது. குப்பைக்கூடையும் வழக்கம்போல் நிரம்பி வழிந்தது.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018ஆம் ஆண்டு பைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே, ஒரு சாதாரணப் பருத்திப் பை கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 52 முறை பயன்பட வேண்டுமாம். மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் கணக்கு ஆயிரங்களுக்குப் போகிறது. என்னிடம் ஆறு பைகள்! ஆகவே கீழே உள்ள படிகளுக்கு நீங்கள் பெரிதாக எதையும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மின்சாரத்தை அளந்து பாருங்கள்

இரவு படுக்கப் போகுமுன் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், எந்த ஸ்விட்சையும் தொடுவதற்கு முன், மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், வீடே தூங்கும்போது செலவான மின்சாரம். ஃபிரிட்ஜும் மின்விசிறியும் எடுத்தது நியாயமான செலவு. மீதியை எடுத்தது யார் என்று தேடுங்கள். ரிமோட்டால் மட்டும் அணைத்த டிவி, எதையும் சார்ஜ் செய்யாமல் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் பெட்டிகள் எல்லாம் மாட்டும். இவற்றைச் சுவர் ஸ்விட்சிலேயே அணையுங்கள்.

ஆனால் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவதற்கான மின்சாரம். குளிக்க 15 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 25 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 0.44 யூனிட் தேவை. அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று இரண்டு நாள் அணையாமல் எரியும். விளக்கை அணைக்கவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் நாம்தான் ஹீட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறோம்.

சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் முதலில் கைவைக்க வேண்டிய இடங்கள். குளிக்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன்பு மட்டும் ஹீட்டரைப் போடுங்கள். துணிகளைச் சாதாரணத் தண்ணீரில் துவையுங்கள். ஏசியின் வெப்பநிலையை இரண்டு டிகிரி கூட்டி, கூடவே மின்விசிறியைச் சுழலவிடுங்கள். ஃபிரிட்ஜுக்கு 4 டிகிரி, ஃபிரீசருக்கு மைனஸ் 18 போதும்.

பழைய குண்டு பல்பு இருந்தால் உடனே மாற்றலாம்; 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். மற்றக் கருவிகள் பழுதாகும்வரை இருக்கட்டும்.

படி 2: ஒழுகலைக் கண்டுபிடியுங்கள்

சொட்டும் குழாயின் கீழ் இரவில் ஒரு வாளி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். எவ்வளவு வீணாகிறது என்று வாளியே சொல்லிவிடும். பெரும்பாலும் ஒரு வாஷரை மாற்றினால் சரியாகும்.

கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகுவது கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி. தொட்டித் தண்ணீரில் உணவில் சேர்க்கும் வண்ணத்தைச் சில சொட்டுகள் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பீங்கானில் வண்ணம் இறங்கியிருந்தால் தொட்டிக்குள் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் மூடி தேய்ந்துவிட்டது என்று பொருள்.

படி 3: குப்பையை எடை போடுங்கள்

ஒரு வாரம் ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் தனித்தனியே சேர்த்து நிறுத்துப் பாருங்கள். இடத்தை அடைப்பது பிளாஸ்டிக்காக இருக்கும். கனப்பது காய்கறித் தோலும் மிச்சச் சாப்பாடும்தான். இவை குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. எனவே முதலில் அளவாகச் சமையுங்கள். தோல்களை உரமாக்குங்கள்.

மூடியுள்ள பழைய வாளியில் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலையோ கிழித்த அட்டைப் பெட்டியோ பரப்புங்கள். அன்றாடத் தோல்களைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு காய்ந்த இலையால் மூடுங்கள். இந்த மூடல்தான் உயிர்நாடி. சோம்பல்பட்டால் பழ ஈக்கள் வந்துவிடும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். இறைச்சி, பால் பொருள், எண்ணெய் ஆகியவற்றைப் பழகும்வரை சேர்க்காதீர்கள்.

என் முதல் வாளி நாறியது. அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை. காய்ந்த இலை சேர்த்துக் கிளறினால் இரண்டொரு நாளில் அடங்கும். போட்டது போட்டபடி கிடந்தால் ஈரம் போதவில்லை, தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டுக்குமேல் வடியக் கூடாது. வாளி நிரம்பியபின் இரண்டு மூன்று மாதம் தொடாமல் வைத்தால் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு உரம் கிடைக்கும். அதற்குள் இரண்டாவது வாளி ஒன்று வேண்டியிருக்கும். அதையும் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டில் விரிசல் விட்ட வாளி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.